ஜெப நோட்டின் ஏழாவது குறிப்பு

எங்கள் சபையில் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சங்கிலி ஜெபம் நடக்கும். காலை ஆறு மணிக்குத் தொடங்கி மாலை ஆறு வரை, மணிக்கு ஒரு வீடாகப் பன்னிரண்டு வீடு. ஒரு வீட்டில் ஜெபித்து முடித்ததும் அடுத்த வீட்டுக்கு நோட்டைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று அதில் எண் போட்டு எழுதியிருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு நிமிடத்து வேலைதான். எங்கள் பாஸ்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். "போன்ல போட்டா ஆளாளுக்கு ஒரு கும்பிடு பொம்மையப் போட்டுட்டுச் சாம்பாரை இறக்கப் போயிருவாக. நோட்டு கையில இருந்தாத்தான் முழங்கால் மடங்கும்" என்பார்.

அந்த நோட்டை எழுதுகிறவன் நான். ஆனையூரில் வீடுவீடாகத் தண்ணீர் கேன் போடுவது என் தொழில். பத்தாம் வகுப்போடு நின்றவன், ஆனால் எழுத்து மட்டும் குண்டுகுண்டாக அழகாக விழும். லோடு ஆட்டோவை நிறுத்தி வாசல் வாசலாக ஏறி இறங்குவதால் பேச்சுக்கும் குறைவில்லை. சனங்கள் வாசலில் நின்று போகிறபோக்கில் சொல்வதையெல்லாம் நான் மனதில் முடிந்து வைத்துக்கொள்வேன். "கேன் வந்தாத்தான் பிரதர் எனக்கு வாரம் ஓடுனதே தெரியுது" என்று ஓர் அம்மா ஒருமுறை சொன்னார். அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வண்டி ஓட்டினேன். கேட்பதற்கு அப்படி ஓர் ஆசை. கேட்டதைச் சொல்வதற்கு அதைவிட ஆசை. பிறகு நடந்ததெல்லாம் இந்த இரண்டாவது ஆசையால்தான்.

சபைக்குப் புதிதாக வருகிறவரோடு ஏற்கெனவே இருக்கிற ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. சீஷத்துவ வகுப்பு என்று பெயர். ஒரு சின்னப் பாடப்புத்தகம் உண்டு. கோடிட்ட இடத்தை நிரப்புக மாதிரி. ஜெபிப்பது எப்படி, மன்னிப்பது எப்படி என்று வாரத்துக்கு ஒரு பாடம். எனக்குக் கிடைத்தவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். கிரில் கதவு, ஜன்னல் செய்கிற வெல்டிங் பட்டறைக்காரர். முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்:

"பிரதர்னு கூப்பிட எனக்கு வாய் வரல. பஸ்ஸுல தள்ளி உக்காரச் சொல்ற மாதிரி இருக்கு. மாப்ளன்னு கூப்பிடுறேன், தப்பா?"

"நான் உங்கள அண்ணேன்னு கூப்பிட்டா அது எப்படி மாப்ள ஆகும்?"

"அதெல்லாம் மேல இருக்கவரு கணக்கு பாக்க மாட்டாரு, விடு."

அவரால் வீட்டைவிட்டு நகர முடியாது. அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம். இடது பக்கம் முழுவதும் போய்விட்டது. நினைவும் கலங்கிவிட்டது. கீழக்குயில்குடியில் பிறந்து வளர்ந்த மனிதர், இப்போது ஆனையூரில் கட்டிலில் கிடந்தபடி எழுபது வருடத்துக்கு முந்தைய கீழக்குயில்குடியிலேயே இருந்தார். மகனை அவருக்கு மகனாகத் தெரியாது. தன் செத்துப்போன அண்ணன் என்று நினைத்து "அண்ணே, அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். மருமகள் டவுனில் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டு ராத்திரிதான் திரும்புவார். அதனால் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வது மகன்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். வெளியூர் வேலைகளை விட்டுவிட்டு, வீட்டு முன்னாலேயே பட்டறையைப் போட்டுக்கொண்டு, நடுநடுவே உள்ளே ஓடி அப்பாவைப் புரட்டிவிட்டு வருவார்.

ஆகவே எங்கள் செவ்வாய்க்கிழமை வகுப்பு அந்தக் கட்டில் பக்கத்தில்தான் நடந்தது. பாதி நேரம் பாடம், பாதி நேரம் தூக்குவது. அந்தப் பெரியவர் எங்கள் சபைக்காரர் இல்லை. காலையில் நெற்றியில் திருநீறு பூசிவிடாவிட்டால் வாயைத் திறக்க மாட்டார். "நான் பூசிவிடுறேன் மாப்ள. உன் புத்தகத்துல இதுக்கு எங்க கோடு போட்டுருக்கு?" என்று கேட்டார். புத்தகத்தில் அப்படி ஒரு கோடு இல்லை. "பூசிவிடுங்கண்ணே, அவரு சாப்பிடணும்ல" என்றேன். அதை பாஸ்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று நான் சொல்லாததுதான் அவருக்கு என்மேல் வந்த முதல் நம்பிக்கை என்று நினைக்கிறேன். இன்னொரு நாள் அவரே, "வெல்டிங் நெருப்பை வெறுங்கண்ணால பாக்க முடியாது. கறுப்புக் கண்ணாடி வெச்சாத்தான் எது ஒட்டுது, எது ஒட்டலன்னு தெரியும். ஜெபம் பண்றப்ப கண்ணை மூடுறது அதுக்குத்தானா?" என்றார். யார் யாருக்குப் பாடம் நடத்துகிறார்கள் என்று எனக்கே குழப்பமாக இருந்த காலம் அது.

எட்டாவது செவ்வாயோ ஒன்பதாவதோ, பாவ அறிக்கை பற்றிய பாடம். புத்தகத்தில் இருந்த கேள்வியை வாசித்தேன். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். பிறகு புத்தகத்தையும் மூடினார்.

"அப்பாவ அடிச்சுட்டேன் மாப்ள."

என் பேனாவை நானும் மூடினேன்.

"மூணாவது தடவ துணி மாத்துறேன். பிச்சுப் பிச்சு எறியறாரு. கையெல்லாம் பூசிக்கிட்டுச் சிரிக்கிறாரு. வெளிய பட்டறையில பார்ட்டி நிக்குது. பளார்னு கன்னத்துல விட்டுட்டேன். அப்ப என்ன சொன்னாரு தெரியுமா? 'அடிக்காதண்ணே, இனிமே குளத்துல குளிக்கப் போகமாட்டேண்ணே.'"

அவர் அழவில்லை. கட்டிலில் பெரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்டாட்டிக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிஞ்சா முடிஞ்சுபோச்சு. ஒன்கிட்ட மட்டுந்தான் சொல்றேன்."

அக்கா என்றது அவருடைய கூடப்பிறந்த அக்கா. நான்கு தெரு தள்ளி வீடு. சபைக்குப் பல வருடமாக வருகிறவர். தம்பியைச் சபைக்குக் கூட்டி வந்ததே அவர்தான். நல்ல மனுஷி, ஆனால் அப்பா விஷயத்தில் தம்பிமேல் ஒரு கண் உண்டு. "ஆம்பள எப்படிப் பாப்பான்? ஒரு குறை தெரிஞ்சாலும் எங்கப்பாவ நான் தூக்கிட்டுப் போயிருவேன்" என்று சபை வாசலிலேயே சொல்லியிருக்கிறார். தம்பிக்கு அந்தக் கட்டிலை விட்டால் வேறு உலகம் இல்லை. அவர் என்னிடம் கொடுத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் நோட்டை எழுத உட்கார்ந்தேன். ஆறு குறிப்புகள் வந்திருந்தன. ஒருவருக்கு விசா, ஒருவருக்கு வீட்டுப் பத்திரம், ஒரு பிள்ளைக்குப் பரீட்சை, இரண்டு பேருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு வரன். எழுதி முடித்துவிட்டு ஏழு என்று எண் போட்டேன். அதன் எதிரில், 'படுக்கையிலிருக்கும் தகப்பனைப் பராமரிக்கும் ஒரு சகோதரனுக்காக. கோபத்தில் தகப்பன்மேல் கைநீட்டிவிட்ட குற்ற உணர்விலிருந்து அவருக்கு விடுதலை கிடைக்க' என்று எழுதினேன்.

பெயர் போடவில்லையே என்று மனதுக்குள் ஒரு சமாதானம். பன்னிரண்டு வீடு அவருக்காக முழங்கால் போடட்டும் என்று நினைத்தது உண்மை. அதோடு இன்னொன்றும் உண்மை. என்னிடம் ஒருவர் இவ்வளவு மனம் திறந்திருக்கிறார் என்பது பாஸ்டர் கண்ணில் படட்டும் என்றும் நினைத்தேன். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் என்னால் முடியாது. காலை ஆறு மணி என்னுடையது. ஜெபித்தேன், ஏழு மணிக்கு அடுத்த வீட்டில் நோட்டைக் கொடுத்துவிட்டுக் கேன் ஏற்றப் போய்விட்டேன்.

பதினொன்றரை மணிக்கு ஒரு வீட்டுக்குக் கேன் கொண்டுபோனேன். அந்த வீட்டு சிஸ்டருக்குப் பத்து மணி முறை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பிரதர், அந்த ஏழாம் நம்பருக்கு அம்புட்டு அழுகை வந்துச்சு. நம்ம வெல்டிங் பிரதர்தானே?"

என் தோளில் இருபது லிட்டர் கேன். இறக்கவும் தோன்றவில்லை.

"யா... யாருன்னு போடலையே சிஸ்டர்."

"போடணுமா என்ன? நம்ம சபையில கெடையில கெடக்குற அப்பாவ மகன் பாக்குற வீடு வேற எது? பாவம் அந்த மனுசன். அவுக அக்காவும் இன்னிக்குச் சங்கிலியில இருக்காகல்ல, ரெண்டு மணிக்கு? படிச்சா எப்படித் தாங்குவாக! அதான், நானே முன்கூட்டி ஒரு போன் போட்டு ஆறுதலாச் சொல்லிரலாம்னு இருக்கேன்."

"சிஸ்டர், தயவுசெஞ்சு போன் மட்டும் போட்டுறாதீங்க."

"ஐயே, நான் யாருகிட்ட சொல்லப்போறேன்!" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்திலேயே போன் போய்விடும் என்று தெரிந்துவிட்டது. கெட்ட எண்ணம் துளிகூட இல்லாத மனுஷி. என்னைப் போலவேதான் அவரும்.

நோட்டு இப்போது பதினொரு மணி வீட்டில் இருக்கும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வீடு அது. வண்டியைத் திருப்பிய வேகத்தில் பின்னால் கேன்கள் உருண்டன. போய்ப் பார்த்தால் கதவு சாத்தியிருக்கிறது. ஜெப நேரத்தில் கதவைத் தட்டக்கூடாது, போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது சங்கிலியின் சட்டம். அந்தச் சட்டத்தையும் நோட்டின் முதல் பக்கத்தில் அழகான எழுத்தில் எழுதியவன் நான்தான். ஜன்னல் வழியாக டீச்சரின் குரல் கேட்டது. ஒவ்வொரு குறிப்பாக, வருகைப் பதிவு எடுப்பதுபோல நிறுத்தி நிதானமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். விசா முடிந்தது. பத்திரம் முடிந்தது. பரீட்சைக்கு மட்டும் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். என் போன் ஓயாமல் அடித்தது. கேன் வராத வீட்டுக்காரர்கள். எடுக்கவில்லை. ஏழாவது வரும்போது என்ன சொல்லி ஜெபிப்பார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஏழாவது வரவேயில்லை. அந்த இடத்தில் சத்தம் நின்றுவிட்டது.

பன்னிரண்டுக்குக் கதவு திறந்தது.

"டீச்சர், நோட்டுல ஒரு சின்னத் திருத்தம்."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பன்னெண்டு மணிவரைக்கும் கேட்டுக்கிட்டிருந்த ஆண்டவருக்கு இப்ப என்ன திருத்தம்?"

"ஏழாவத எடுத்துறணும்."

"அதைத்தான் நானும் உங்களைக் கேக்கணும்னு இருந்தேன். இதை நோட்டுல எழுதச் சொன்னது அவரா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப இது ஜெபக்குறிப்பு இல்ல. இதுக்கு வேற பேரு இருக்கு, உங்களுக்கே தெரியும்."

அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். நோட்டைக் கொடுத்துவிட்டே சொன்னார்: "கிழிங்க. அஞ்சு வீடு படிச்சாச்சு. அந்த அஞ்சு வீட்டையும் எப்படிக் கிழிப்பீங்க?" பிறகு கொஞ்சம் இறங்கி, "அடுத்த வீட்டுக்கு ஆறு குறிப்பையும் வேற தாள்ல எழுதி நானே கொண்டுபோய்க் குடுக்குறேன். நீங்க போக வேண்டிய எடத்துக்குப் போங்க" என்றார்.

போக வேண்டிய இடம் எது என்று தெரிந்தும் நான் போகவில்லை. ரேஷன் கடை வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நோட்டு என் கையில். அக்கா படிக்கப் போவதில்லை. மிச்சம், ஏற்கெனவே படித்துவிட்ட ஐந்து வீடு. அவர்களிடம், 'இது வேற சபைக்காரர் ஒருத்தர், அலங்காநல்லூர்ப் பக்கம், எனக்குத் தெரிஞ்சவர்' என்று சொல்லிவிட்டால்? அலங்காநல்லூரில் ஓர் ஆளையே உண்டாக்கிவிட்டேன். அவருக்கு ஒரு தோட்டம், ஓர் அப்பா, ஒரு டிராக்டர்கூடக் கொடுத்தாயிற்று. பேசிப் பழகியவனுக்குப் பொய் இவ்வளவு சீக்கிரம் முளைக்கும் என்று அன்றுதான் கண்டேன்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. பட்டறை அண்ணன்தான்.

"எங்கடா மாப்ள இருக்க? காலையிலேருந்து கேனைக் காணோம். அப்பாவுக்கு மாத்திரை குடுக்கத் தண்ணி இல்லாம பக்கத்து வீட்டுல போயி வாங்கிட்டு வாரேன். ஒனக்கு ஒடம்பு எதுவும் சரியில்லையா?"

கடைசியில் கேட்டாரே, அதில்தான் நான் உடைந்தேன். "வாரேண்ணே" என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.

போனபோது பட்டறை சாத்தியிருந்தது. உள்ளே அப்பாவைப் புரட்டத் தயாராக வெந்நீரும் துணியும் எடுத்து வைத்திருந்தார். "கேனை அப்பறம் மாட்டு. இந்தா, காலைப் பிடி" என்றார். பிடித்தேன். பெரியவரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்த நிலையிலேயே சொன்னேன். கை இரண்டும் மாட்டிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது.

"அண்ணே, நீங்க சொன்னத நோட்டுல எழுதிட்டேன். பேரு போடல. ஆனா தெரிஞ்சுபோச்சு."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. மறுபடி துடைத்தது. முதுகு, இடுப்பு, தொடை. துணியை அலசிப் பிழிந்தார். பவுடர் போட்டார். நான் காலைப் பிடித்தபடியே நிற்கிறேன். "விடு" என்றார். விட்டேன்.

"எத்தன வீடு?"

"என்னையச் சேக்காம அஞ்சு."

"அக்கா?"

"அவுகளுக்கு ரெண்டு மணிக்கு. நோட்டு எங்கிட்டதான் இருக்கு. ஆனா..."

"ஆனா என்ன?"

"ஒருத்தவங்க போன் பண்ணிருவாங்களோன்னு பயமா இருக்கு."

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. போனை எடுத்து அக்காவுக்கு அடித்தார். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றது. வைத்துவிட்டு மறுபடி அடித்தார். அதே பதில். மூன்றாவது முறை, நான்காவது முறை. அந்தப் பெண் குரல் ஒவ்வொரு முறையும் மாறாத மரியாதையோடு அதையே சொன்னது. அவருடைய மேலுதட்டில் வேர்வை துளிர்த்திருந்தது. ஐந்தாவது முறை மணி அடித்தது. "வீட்டுக்கு வாக்கா" என்றார். அந்தப் பக்கம் "வாரேன்" என்று மட்டும் கேட்டது.

ஐந்து நிமிடத்தில் ஸ்கூட்டி சத்தம். அக்கா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"ஒருத்தி போன்ல எனக்கு ஆறுதல் சொல்றா. எதுக்குன்னே தெரியல. சரி சிஸ்டர், சரி சிஸ்டர்னு கேட்டுக்கிட்டு நிக்கிறேன். இப்ப யாரு சொல்றது? நீயா, இவரா?"

"நாந்தான்க்கா. அப்பாவ அடிச்சேன்."

"எங்க?"

"கன்னத்துல."

"எந்தக் கை?"

வலது கையைத் தூக்கிக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் பிரம்படிக்கு நீட்டுவதுபோல நீட்டியிருந்தார். அக்கா அதைத் தொடவில்லை, தட்டவும் இல்லை. கட்டிலுக்குப் போய் அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் திருப்பிப் பார்த்தார். பெரியவர் அவரைப் பார்த்துச் சிரித்தார். "எங்க ஆத்தா வந்துருக்கு" என்றார்.

"சாயங்காலம் வண்டி வரச்சொல்றேன். எங்கப்பா இங்க இருக்கவேணாம்" என்றார் அக்கா.

"கூட்டிட்டுப் போ" என்றார் தம்பி. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ஒரு வருசத்துக்கு மேல..." என்று ஆரம்பித்ததுமே அக்கா திரும்பினார். "நீங்க பேசுன வரைக்கும் போதும் பிரதர்."

ஐந்து மணிக்கு வேன் வந்தது. அந்தப் பெரியவரைத் தூக்கி ஏற்ற நாங்கள் இரண்டு பேரும்தான் கை கொடுத்தோம். வேன் போன பிறகு அவர் வெறுங்கட்டிலின் மெத்தையைச் சுருட்டினார். சுருட்டிக்கொண்டே, "செவ்வாய்க்கிழமை வராத" என்றார். அதில் மாப்ள இல்லை.

பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனி நோட்டு எழுத மாட்டேன் என்றும் சொன்னேன். அவர், "எழுதாம இருக்கிறது லேசு. எழுதத் தெரிஞ்சுக்கிட்டு எழுதுங்க" என்றார். அப்போதைக்கு எனக்கு அது புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து எல்லார் முன்னாலும் தப்பை ஒத்துக்கொள்ளலாம் என்று துடித்தேன். வீட்டில் என் மனைவிதான் தடுத்தாள். "அங்க போயும் அவரு கதையத்தான சொல்லப் போறீங்க?"

வாரம் இரண்டு மூன்று முறை அவர் வாசலில் கேனை வைத்துவிட்டுக் காலிக் கேனை எடுத்துக்கொண்டு வருவேன். பட்டறையில் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் குனிந்திருப்பார். நிமிர மாட்டார். மாப்ளயும் இல்லை, பிரதரும் இல்லை.

ஒன்பது நாள் கழித்து அக்காவிடமிருந்து மதியம் போன். "பிரதர், ஒரு நிமிசம் வர முடியுமா? தண்ணிக்கு இல்ல. தூக்க." போனேன். அக்காவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டிருந்தது. கையைத் தூக்க முடியாமல் நின்றார். வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. இரண்டு பேருமாகப் பெரியவரைப் புரட்டினோம். இடுப்பெலும்புக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் சிவந்திருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வந்தப்ப ஒடம்புல ஒரு கீறல் இல்ல. நான் ஒவ்வொரு எடமாப் பாத்தேன்." பிறகு கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்தார். "எப்படிய்யா ஒத்த ஆளாத் தூக்குனான் இம்புட்டு நாளா? ஒன்பது நாள் என்னால முடியல." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இத அவன்கிட்டச் சொல்லிறாதீங்க. சொன்னா நான் சொல்லணும். எனக்கு இன்னும் மனசு வரல."

"சொல்ல மாட்டேங்க்கா."

அன்று சாயங்காலம் தம்பி வீட்டில் கேன் போட வேண்டிய நாள். தோளில் கேனோடு அந்த வாசலில் ஏறினேன். அவர் கம்பிகளை அளந்துகொண்டிருந்தார். முகத்தில் ஒரு வாரத் தாடி. எதுவும் பேசாத அந்த மனிதரிடம் 'உங்கக்கா இப்படிச் சொன்னாக' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் முகம் எப்படி மாறும் என்றுகூட எனக்குத் தெரியும். நல்ல செய்திதானே? இதனால் யாருக்கு என்ன கெடுதல்? நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழாவது குறிப்பை எழுதிய வியாழக்கிழமையும் நான் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். கேனை வைத்தேன். காலிக் கேனை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும்.

எங்கள் சங்கதி இதுதான். கேட்டதைக் கொண்டுபோய் ஆண்டவரிடம் வைப்பதற்கும், அடுத்த வீட்டில் வைப்பதற்கும் நடுவில் ஒரு வாசல்படிதான் இருக்கிறது. ஒருவரை நடத்துவது என்றால் நிறையப் பேச வேண்டியிருக்கும் என்று நினைத்து அந்த வேலைக்கு வந்தவன் நான். நாள் கணக்காக ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் அதில் பாதி வேலை என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அக்கா தானாகவே தம்பி வீட்டுக்குப் போனார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை அதே வேன் பெரியவரை ஆனையூர்த் தெருவுக்குத் திரும்பக் கொண்டுவந்தது. காலையில் தம்பி, மதியம் சாப்பாட்டுக்கு மேல் அக்கா என்று ஆனது. வேனிலிருந்து இறக்க என்னையும் கூப்பிட்டார்கள். இறக்கிப் படுக்க வைத்ததும் அவர் கேட்டார்:

"அக்கா சொல்றா, தோள் முடியலன்னு ஒன்கிட்ட மொதல்லயே சொன்னாளாம்?"

"ஆமண்ணே."

"எத்தன நாளைக்கு முன்ன?"

"ஆறு நாள்."

"அதுக்கப்பறம் ரெண்டு மூணு தடவ கேன் போட வந்தியே."

"வந்தேன்."

"சொல்லவே இல்ல."

"சொல்லாதன்னாங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கஷ்டமா இருந்துச்சா?"

"வயித்த வலிச்சுச்சு."

அக்காதான் முதலில் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. பெரியவரின் தலைக்குக் கீழே தலையணையைச் சரிசெய்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை வா. புத்தகம் வேணாம்" என்றார்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுதினால் அதுவும் ஒரு பொய். அந்த ஐந்து வீட்டுக்காரர்களும் அவரைப் பார்க்கும்போது குரலை ஒரு படி இறக்கிப் பேசுகிறார்கள். அந்த இரக்கம் அவருக்கு ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்துவிட்டு, ஆசீர்வாதம் முடிவதற்குள் அப்பாவைச் சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுகிறார். அது நான் செய்தது. அதை இன்னும் சரிசெய்ய முடியவில்லை. இதை எழுதலாமா என்று அவரிடமும் அக்காவிடமும் கேட்டேன். இரண்டு பேரும் முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அவர் ஓர் இடத்தை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமைகளில் போகிறேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். போன வாரம் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "மாப்ள, ஒண்ணு சொல்லணும்" என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். துண்டை மடித்தார். "சரி, கெடக்கட்டும். இன்னொரு நாள்" என்றார்.

நான் என்ன என்று கேட்கவில்லை. அடுத்த புரட்டலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. உட்கார்ந்திருந்தேன்.